பங்காளிக் காளை

சினை ஊசி போடுகிறவனைக் கண்டால் ஊரில் எல்லாரும் கும்பிடுவார்கள். கை குலுக்க மட்டும் வரமாட்டார்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும். தோள்வரை உறை மாட்டிய இடது கையை மாட்டுக்குள் விட்டு, வலது கையால் ஊசியைச் செலுத்துகிற வேலை இது. ஊசி என்று பெயரே தவிர அது குத்துவதில்லை, நீளமான கம்பிக்குழாய். அதன் நுனியில் ஒரு மெல்லிய குச்சி, குச்சிக்குள் எங்கோ ஒரு பண்ணையில் நிற்கிற காளையின் உறைவிந்து. குச்சியின் மேல் இனத்தின் பெயரும் காளையின் எண்ணும் அச்சாகியிருக்கும். புகை வரும் நைட்ரஜன் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கும் காளையார்கோவிலுக்கும் இடையே முப்பத்தைந்து வருடம் ஓடினேன். மூன்று மாதம் பயிற்சியில் கற்றது கொஞ்சம். மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய மாட்டு மருத்துவப் புத்தகங்களில் படித்தேன். வாசிப்பவர்களில் முழங்காலில் உதையும் கன்னத்தில் சாணி வாலடியும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், நாம் உறவுக்காரர்கள்.

நான் தச்சு வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை. என் மனைவி பஞ்சவர்ணம் காளையார்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். அவர்கள் தொழுவத்துக்கு ஊசி போடப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தேன். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் சேவுகன் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்குச் சீர் வைக்கும்போது தொழுவத்திலிருந்து ஒரு கிடாரியும் கொடுத்து அனுப்புவது வழக்கம். பஞ்சவர்ணத்துக்குக் கிடாரியும் இல்லை, ஒரு செம்புத் தண்ணியும் இல்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதே கிடையாது. ஆனால் நான் அந்தத் திசையில் போய்வந்த நாளில் எல்லாம், "எங்க வீட்டு மாடு கண்ணுல பட்டுச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

கேட்காமல் செய்தது

தொழிலுக்கு வந்த புதிது. குன்றக்குடிப் பக்கம் முத்தாயி என்று ஒரு அம்மா. ஜெர்சிக் கன்று வேண்டும், பால் பெருகவேண்டும் என்று ஆசை. ஜெர்சிக்கான மஞ்சள் குச்சியை எடுத்துக் கண்முன்னே காட்டி, வெதுவெதுப்பான நீரில் உருக்கி, முறையாகப் போட்டுவிட்டு வந்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கை கழுவப் புதுச் சோப்பு, துடைக்கப் புதுத் துண்டு. மாப்பிள்ளை உபசாரம்தான்.

ஒன்பது மாதம் கழித்து ஆள் வந்தது. போனால், தொழுவத்தில் திமிலும் விரிந்த நெற்றியுமாக ஒரு கன்று நிற்கிறது. அந்த ஊர்க் கோயில் காளையை அச்சில் வார்த்தது மாதிரி. நான் ஊசி போட வருவதற்கு முந்தின இரவு அது கயிறு இல்லாமல் சுற்றியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே பருவத்தில் இரண்டு பேர் முயன்றால் முந்தினவருக்கே கன்று என்று விளக்கிப் பார்த்தேன். முத்தாயி கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு இளநி வெட்டுனோம், சோப்பு குடுத்தோம், துண்டு குடுத்தோம். அது ஒண்ணுமே கேக்காம செஞ்சுட்டுப் போயிருக்குய்யா."

எந்தக் கோயில்?

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி. இரண்டு தெருவுக்கு நீண்ட வீடு. முன்பாதியை ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் ஒரு பசுவும் அதன் கிடாரியுமாக அவர் இருந்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் பசுவோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கிடாரி முதல்முறை சினைக்குக் கத்துகிறது என்று கூப்பிட்டிருந்தார். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, அதுதான் கணக்கு. சாயங்காலம் போய்க் கேனைத் திறந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. காளை எந்தக் கோயில்?" என்றார் ஆச்சி.

நான் விழித்தேன். அவர்கள் செட்டியார் சமூகத்தில் ஒன்பது கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். அண்ணன் தம்பி முறை. பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். மனிதர்களுக்குக் கேட்கிற கேள்வியை மாட்டுக்குக் கேட்கிறாரே என்று சிரித்துக்கொண்டே, "காளைக்குக் கோயில் ஏது ஆச்சி, நம்பர்தான்" என்று குச்சியில் இருந்த எண்ணை வாசித்தேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய காலண்டரை எடுத்துவந்தார். கிடாரியின் தாய்க்கு நான் ஊசி போட்ட தேதியில், நான் சொன்ன எண்ணைப் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். அதே எண். கிடாரிக்கு அதன் அப்பனையே கொண்டுவந்திருக்கிறேன்.

அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். மறுநாள் காலை வேறு குச்சியோடு போனேன். எந்தப் பசு, எந்தக் காளை, கன்றுக்கு அப்பன் யார் என்று நோட்டுப் போட ஆரம்பித்தது அந்த நாளில்தான். பயிற்சியில் சொல்லாததா, சொல்லியும் காதில் ஏறாததா, தெரியாது. ஆச்சி சொன்னது மட்டும் ஏறிவிட்டது: "பாத்தீகளா, பங்காளி வீட்டுல சம்பந்தம் பேச வந்திருக்கீக!"

ராஜபாளையம்

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மாட்டுக்கு வந்த என்னை நாய்க்கு நிறுத்தினார். ராஜபாளையம் குட்டி என்று சொல்லி யாரோ கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையாக இருந்த குட்டிக்கு ஆறு மாதத்தில் முதுகில் கறுப்புத் திட்டு. ஒரு காது நிற்கிறது, ஒரு காது மடிகிறது. ராஜபாளையம் கொஞ்சம், தெரு கொஞ்சம், இன்னொன்று எனக்கே பிடிபடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். வாத்தியார் சொன்னார்: "சுத்த ராஜபாளையமா இருந்தா திருடன மட்டும்தான் பாக்கும். இது தபால்காரரு, கேஸ்காரரு, பொண்ணு பாக்க வந்தவுகன்னு ஒருத்தரயும் விடுறதில்ல. நல்ல உழைப்பு."

நம்ம வீட்டுக் கலப்பு

கலப்பினக் கன்றுகளுக்கு அட்டை எழுதும்போது எத்தனை பங்கு சீமை ரத்தம் என்று குறிக்கவேண்டும். ஐம்பது, எழுபத்தைந்து, அறுபத்திரண்டரை. இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அட்டை எழுத, பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். ஒருநாள், "அப்ப நம்ம புள்ள?" என்றாள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஏழாவது படித்தாள். வேண்டிய சட்டையை வாங்கித் தராததால் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அப்பன் பாதி, அம்மா பாதி என்று நான் படித்ததை விளக்கினேன். எந்தப் பாதி வரும் என்பது நம் கையில் இல்லை. சீட்டுக் குலுக்குவது மாதிரி, அதனால்தான் கூடப் பிறந்தவர்கள்கூட ஒரே அச்சாக இருப்பதில்லை என்றேன். பஞ்சவர்ணம் மகள் படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாதிப் பாதின்னு எவன் எழுதுனது? காது மட்டும்தான் உங்களுது. பிடிவாதம் முழுசும் எங்க அண்ணன்."

எச்சில்

கானாடுகாத்தான் ஆச்சியின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். வரும்போது ஒரு சின்னப் பெட்டி. அதில் உள்ள குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், நம் முன்னோர் எந்தெந்தத் தேசம் என்று பங்கு பிரித்துச் சொல்வார்களாம். தாயாரிடமிருந்து எடுக்கவேண்டும். முன்னால் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக்கூடாது. ஆச்சிக்கோ வாய் காய்ந்துபோய், குழாயின் அடி நனையவே இல்லை. "துப்புங்க ஆத்தா", "துப்புங்க ஆத்தா" என்று மகன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் நான் சினை பார்க்கப் போய்ச் சேர்ந்தேன். அவர் உடனே, "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் வேலை பார்ப்பது மறுமுனையில் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஆச்சியிடம், மாவடு ஊறப்போட்ட ஜாடியை முதல்நாள் திறந்த வாசனையை நினைத்துப் பாருங்கள் என்றேன். குழாய் நிரம்பிவிட்டது.

அடுத்து நான் போனபோது முடிவு வந்திருந்தது. மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வாசித்தார். பெரும்பங்கு இந்தப் பக்கம்தான். ஓரமாக, சொற்பமாக, பர்மாப் பக்கத்து ரத்தம். மகன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை சின்னப் பங்கை அப்படியே நம்பக்கூடாது, அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டியலைப் பொறுத்து மாறும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆச்சி இருவரையும் கவனிக்கவே இல்லை. வளவு முற்றத்தைச் சுற்றி நிற்கிற தேக்குத் தூண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "தூணு பர்மாவுலேருந்து வந்துச்சு, கல்லு இத்தாலியிலேருந்து வந்துச்சு. ரத்தம் மட்டும் இந்தா இருக்க பள்ளத்தூர்லேருந்தே வரணுமாக்கும்?"

மாட்டோடு பேசியது

மாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். எங்கள் மாவட்டத்துப் புலிக்குளம் மாடுகளின் ரத்தம் எடுத்து, எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. வழிகாட்டியாக நான். எல்லாத் தொழுவமும் முடிந்து மச்சான் சேவுகன் தொழுவம் மட்டும் பாக்கி. போகாமல் இருக்க முடியாது. அசல் புலிக்குளம் என்று ஊரே கைகாட்டுவது அதைத்தான். மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்க்கிற கோயில் காளை அந்தத் தொழுவத்தில் பிறந்ததாகவே இருக்கவேண்டும் என்பது அந்த ஊரில் மூன்று தலைமுறை வழக்கம். இருந்த காளைக்கோ வயதாகிவிட்டது. கன்று போடுகிற வயதில் ஒரே ஒரு பசு, மயிலை. அது போட்ட இரண்டு கன்றும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் நாள் போயிற்று. இன்னொன்று எழுந்து நிற்கவே இல்லை.

டாக்டரம்மா மயிலையைக் காட்டி, "இதுக்கு அப்பா எது?" என்றார். நான் மச்சானைப் பார்த்து அதையே கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தட்டி, "ஏத்தா மயிலை, உங்கப்பன் நம்ம கோயில் காளைன்னு சொல்லு" என்றார். "அதோட அம்மாவுக்கு அப்பா?" என்றேன். "அதுவும் நம்ம கோயில் காளைதான்னு சொல்லாத்தா. வெளியாளு எவனும் நம்ம தொழுவத்துக்குள்ள கால் வச்சதில்லன்னு சேத்துச் சொல்லு." எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இப்ப சினைக்கு விடுறது?" என்று நானே கேட்டேன். அவர் மாட்டுக்குச் சொல்வதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது: அதே காளை. கானாடுகாத்தான் காலண்டர் கண்முன்னே வந்தது.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. சீமை ரத்தம் துளியும் இல்லை, அசல் என்று டாக்டரம்மா போனில் சொன்னதை மச்சான் கடைத்தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்ன இரண்டாவது பாதியை யார் போய் அவரிடம் சொல்வது? "சுத்தம்தான் ஐயா. ஆனா ஒரே பாத்திரத்தத் திரும்பத் திரும்பத் தேச்சு ஓட்டை விழப் போற சுத்தம். வெளிக்காளை விடலன்னா அடுத்த கன்னும் நிக்காது."

எதிர்க்கரை

பஞ்சவர்ணத்துக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் போய், மதுரைக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். டாக்டரம்மா சொன்னதை மச்சானின் மனைவிக்கு மட்டும் போனில் சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் காலை அவர் ரகசியமாகப் போன் செய்தார். "அண்ணே, மயிலை விடியவே கத்துது. அவுக கோயில் காளைய அவுத்தாரப் போயிருக்காக. வெரசா வாங்க." கட்டிலில் இருந்த பஞ்சவர்ணம் கேட்டுவிட்டு, "கேன எடுங்க, என்னை மக பாத்துக்கும்" என்றாள்.

காளையை மயிலை பக்கம் கொண்டுபோவதற்குள் நான் போய்விட்டேன். வாசலை மறித்து நின்று விஷயத்தைச் சொன்னேன். மச்சான் தன் மனைவி பக்கம் திரும்பினார். "நாங்க மூணு தலைமுறையா அத்தை மகளத்தான் கட்டுறோம். எங்களுக்குக் கையா காலா கொறஞ்சு போச்சுன்னு கேளு அவுகள." நானும் அந்த அம்மாவிடமே, "அத்தை மகள் வேற வீட்டுல பொறந்து வருது. இங்க பேத்தியும் மகளுமா ஒண்ணா நிக்கிறவளுக்கு அவ அப்பனையே மாப்பிள்ளையாக் கொண்டாந்திருக்காரு. செட்டியார் வீட்டு ஆச்சி மாட்டுக்குக்கூடக் கோயில் கேக்குறாக" என்றேன். நடுவில் நின்ற அந்த அம்மா, "ரெண்டு கன்னப் பொதச்ச கையிது. இன்னொன்ன என்னால பொதைக்க முடியாது" என்று சொல்லி, காளையின் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி, தூரத்துப் புளியமரத்தில் கட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம்வரை மச்சான் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் கேனோடு உட்கார்ந்திருந்தேன். கேனில் இருந்ததும் அசல் புலிக்குளம்தான். அந்தக் காளையை உறைவிந்துப் பண்ணைக்கு வாங்கிய அன்று நானும் கூட இருந்ததால் அதன் ஊர் தெரியும். கண்மாய்க்கு எதிர்க்கரை. இரண்டு ஊருக்கும் மஞ்சுவிரட்டில் ஆகாது. எதிர்க்கரைக் காளை நின்று விளையாடினால் இந்த ஊரில் அன்றைக்கு அடுப்பு எரியாது. மறைத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. ஊரைச் சொல்லியே விட்டேன். மச்சான் எழுந்து போய் மயிலையின் நெற்றியில் கை வைத்தார். பிறகு, இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "போடுங்க. ஊர்ப் பேர மட்டும் வெளிய சொல்லிராதீக."

நின்றதா?

ஒன்பது மாதம் தாண்டிப் பத்து நாள் ஆனது. அதற்குள் பஞ்சவர்ணம் பெரும்பாலும் படுக்கையில்தான். காளைக்கன்று என்று போன் வந்தது. அவள் கேட்டது, அழகா இருக்கா, என்ன நிறம் என்பதெல்லாம் இல்லை. "எந்திரிச்சு நின்னுச்சா?" என்று கேட்டாள். நான் மறுபடி போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். அரைமணியில் நின்று, மடியைத் தானே தேடிக்கொண்டதாம். மறுநாளும் கேட்டாள், மூன்றாம் நாளும் கேட்டாள். நாலாம் நாள் நானாகவே சொல்லப் போனபோது சிரித்தாள்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மச்சானே கொண்டுவந்து போர்த்தினார். கிளம்பும்போது என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "காது மட்டும் அவுக அப்பாவுது. மிச்சமெல்லாம் நம்ம வீடுதான்."

சீர்

போன தை முடிந்து, ஒரு காலை நேரம். வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் வைக்கோல் மெத்தையில் ஒரு மயிலைக் கிடாரி. கழுத்தில் புதுக்கயிறு, மணி, நெற்றியில் மஞ்சள் குங்குமம். மயிலைக்கு அதே குச்சியை இரண்டாம் முறை போட்டதில் பிறந்து, பால் மறந்த கன்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மச்சான் இறங்கினார். துக்கத்துக்கு வந்ததைத் தவிர, என் வீட்டு வாசலில் அவர் கால் வைத்தது அன்றுதான்.

எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை பாடுபட்டு மீட்ட வம்சத்தில் ஒரே கிடாரி. இதைத் தொழுவத்தை விட்டு ஏன் வெளியே கொண்டுவந்தார்? "உங்க தொழுவத்துலயே நிக்கட்டும் மச்சான், வேணாம்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. முற்றத்தில் துணி காயப்போடுகிற கல்தூணில் கட்டினார். பஞ்சவர்ணத்தின் படத்தை வாசலிலிருந்தே ஒருதரம் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு அண்ணங்காரன் அங்க வளந்து நிக்கிறான். நீங்கதான சொன்னீக, ஒரே ரத்தம் ஒரே தொழுவத்துல ஆகாதுன்னு? பொட்டப்புள்ளைய வேற வீட்டுக்குத்தான குடுக்கணும், மாப்பிள்ளை."

மாட்டுக்கு ஊசி பிடித்ததா என்று மூன்றே மாதத்தில் கை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். மச்சானுக்குப் பிடித்ததா என்று தெரிய இருபத்தொன்பது வருடம் ஆகும் என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.